லூர்து மேரி ஐந்தாம் படிவம் படிக்கவில்லை

லூர்து மேரி இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. திறந்து பார்த்தால் கறுப்பு ஓரம் போட்ட படம். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, நடுவில் லூர்துவின் சிரித்த முகம். கீழே தங்க நிற எழுத்தில், ‘எங்கள் அன்புத் தோழியின் பிரிவால் வாடும் ஐந்தாம் படிவ நண்பர்கள்’ என்று இருந்தது.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஃபார்ம் ஃபைவா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்து, “என்னாக்கா, இலை வாடிப்போச்சா?” என்றார். இலையை வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அழுகை அங்கேதான் வந்தது.

லூர்து பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாள். அந்தப் படத்தைச் செய்தவருக்கும் இது தெரியும், அதன் கீழே கைகூப்பும் பொம்மையை வரிசையாகப் போட்டவர்களுக்கும் தெரியும். அவளை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை நேராக இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. மலாய் மொழி போதாது என்று நடுவில் ஒரு வருஷம் உட்கார வைப்பார்கள். அதற்குத் தமிழில் புகுமுக வகுப்பு என்று நல்ல பெயர் இருந்தது, ஆனால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரிமூவ் கிளாஸ் என்பார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள் முதலாம் படிவத்தில் அறிவியல் கூடத்துக்குப் போய்வந்தபோது, கிள்ளானில் அந்தப் பள்ளியின் கடைசிக் கட்டடத்தில், கழிப்பறையை ஒட்டிய வகுப்பில் நாங்கள் முப்பத்தாறு பேர் ‘இனி புக்கு, இத்து பென்சில்’ என்று, இது புத்தகம், அது பென்சில் என்பதை, மலாயில் கத்திக்கொண்டிருந்தோம்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்தவள் லூர்துதான். கிள்ளான் ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் பெண். அவள் அப்பா தண்டவாளப் பணியாளர். வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆங்கில-தமிழ் அகராதி இருந்ததாம். ஒரு நாள் காலை வகுப்புக்குள் வந்ததும் பலகை முன்னால் நின்று, “ரிமூவ்னா என்னா தெரியுமா? அகற்றுன்னு போட்டிருக்கு. நம்மள எங்கடா அகத்தப் போறானுங்க?” என்று கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். பலகை துடைக்கும் கட்டையைக் காட்டி எங்களைக் கேலி செய்த முதலாம் படிவப் பிள்ளைகளிடம் அன்றைக்கே போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டும் வந்தாள்.

அந்த வருஷம்தான் பள்ளியிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். நாங்களும் பெயர் கொடுத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமுமாக வரிசையில் நின்றோம். ஓர் ஆசிரியர் கையில் பட்டியலோடு வந்தார். பட்டியலில் முதலாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை இருந்தது. எங்கள் வகுப்பு எந்தப் படிவமும் இல்லையே! “ரிமூவ் தா பாயா,” என்றார். ரிமூவ் வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான். பேருந்துகள் கிளம்பிப் போயின. நாங்கள் வகுப்புக்குத் திரும்பி, எட்டு மணிக்கே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பசியில் இல்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான். லூர்து மட்டும் சாப்பிடவில்லை. “நான் ஒரு நாள் போட் பிடிப்பேன். இந்தக் கிளாஸ மட்டும் கூட்டிட்டுப் போவேன், பாரு,” என்றாள். பதின்மூன்று வயதில் எல்லோரும் எதையாவது சொல்வார்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.

மூன்றாம் படிவம் படிக்கும்போது அவள் அப்பாவுக்கு வேலையில் கால் போனது. லூர்து பள்ளியை விட்டு மேருவில் ஒரு கன்வஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். லோரிக்குப் போடும் கனத்த கூடாரத் துணிகளைத் தைக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். துறைமுகப் பக்கமிருந்து சில படகுக்காரர்கள் கிழிந்த பாய்களைக் கொண்டுவந்து தைத்துக்கொண்டு போவார்கள். பெரிய பாயைத் தரையில் விரித்து, அதன் நடுவில் மண்டியிட்டு அவள் தைத்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணியை ஒட்டுப் போட்டிருந்தாள். “அசிங்கமா தெரியுதே,” என்றேன். “தெரியட்டும் லா. கிழிஞ்சத மறைச்சுத் தைச்சா காத்து அடிக்கும்போது அங்கேயேதான் பிய்யும். அளவா பெருசா போடணும்,” என்றாள். தொழில் பேச்சாகத்தான் சொன்னாள், தத்துவம் பேசுகிற ஆளில்லை அவள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே எங்களைத் தேட ஆரம்பித்தாள். முப்பத்தாறு பெயரும் வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசையிலேயே அவளுக்கு மனப்பாடம். பேருந்திலும் கொம்யூட்டர் ரயிலிலுமாக ஊர் ஊராகப் போனாள். என்னையும் காஜாங்குக்கு ஒரு முறை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தான் மணியம். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, “நான் ஃபார்ம் ஒன்லயே நின்னுட்டேன். எனக்கு எதுக்கு ரியூனியன்? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க,” என்றான். லூர்து விடவில்லை. “ஃபார்ம் ஒன் கதைய உன்னக் கேட்டேனா? அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் எம்பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தியே, அதுக்குத்தான் கூப்புடுறேன்,” என்றாள். மணியம் வந்தான்.

இப்படித் தேடியதில் அவளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் ஆனோம். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஐந்து பேர் எங்கே என்றே தெரியவில்லை. கைப்பேசியில் ‘ரிமூவ் 36’ என்று ஒரு குழுவைத் தொடங்கினாள். எங்களில் மிகவும் வசதியாக இருப்பவர் டத்தோ பட்டம் வாங்கிய குணசேகரன். எங்களுக்குக் குணா. சுபாங் ஜெயாவில் கட்டுமான நிறுவனம் வைத்திருக்கிறார். குழுவை நடத்தத் தெரியாததால், “நீயும் பாத்துக்க குணா,” என்று லூர்துவே அவரையும் பொறுப்பாளர் ஆக்கினாள். குணா வந்த முதல் நாளே ஹோட்டலில் விருந்து வைக்கலாம் என்றார். லூர்து படகுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளிடம் பல காலம் பாய் தைத்து வாங்கிய ஹாலிம் என்பவர் தன் பாய்மரப் படகைத் தர ஒப்புக்கொண்டார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் ஏறினோம். ஆற்று முகத்துவாரம் வரை இயந்திரத்தில் போனோம். இரண்டு பக்கமும் சதுப்புக் காடு, அந்தப் பக்கம் கொள்கலன் ஏற்றும் பெரிய கப்பல்கள். வெளிக்கடலுக்கு வந்ததும் ஹாலிம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அறுபது வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினோம். லூர்து கடலைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து பாயைக் காட்டி, “அங்க பாரு சரோ, அந்த நீல ஒட்டு. என்னோடது,” என்றாள். ஹாலிமும் பாயைத் தட்டி, “காக் மேரி போட்டது, இன்னும் பிய்யல,” என்று மலாயில் சொன்னார். காக் என்றால் அக்கா.

பிறகு லூர்து எழுந்து பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகைப் பதிவேட்டை ஒப்பிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளியில் சொன்ன மாதிரியே “ஹாடிர்”, அதாவது உள்ளேன், என்றோம். பதில் வராத பெயருக்குக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்ததைச் சொன்னாள். இறந்தவர்களுக்காக யாரும் பதில் சொல்ல அவள் விடவில்லை. மணியம் ஹாடிர் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னான். குணா சொன்னபோது அவர் குரலும் உடைந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அந்த அரை மணி நேரம் அந்தப் படகில் டத்தோவும் இல்லை, காவலாளியும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்கிறது. படம் எடுக்க லூர்து தன் பையிலிருந்து ஒரு துணிப் பதாகையை வெளியே எடுத்தாள். பாய்த்துணியில் எழுத்து எழுத்தாக வெட்டி, அவளே தைத்தது. ‘ரிமூவ் வகுப்பு, கிள்ளான்’ என்று இருந்தது. வலது முனையை அவள் பிடித்தாள், இடது முனையை நான். குணா என் காதருகே வந்து, “சரோ, அந்தப் பக்கம் கொஞ்சம் மடிச்சுப் புடி. ஃபேஸ்புக்ல போடணும். எங்க வீட்டு டத்தின் ஃப்ரெண்ட்ஸெல்லாம் பாப்பாங்க, அசிங்கமா இருக்கும்,” என்றார். நான் மடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டார், மடித்தேன், அவ்வளவுதான். படத்தில் ‘வகுப்பு, கிள்ளான்’ என்று மட்டும் விழுந்தது. லூர்து மறுமுனையிலிருந்து என் கையைப் பார்த்தாள். வாய் ஓயாதவள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் குணா குழுவின் பெயரை ‘ஐந்தாம் படிவ நண்பர்கள்’ என்று மாற்றினார். லூர்து திரும்ப மாற்றினாள். குணா மறுபடியும் மாற்றினார். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. குழுவில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் பதினோரு பேர்தான். மற்றவர்கள் தாங்கள் படிக்காத ஒரு வகுப்பின் நண்பர்களாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. லூர்து கடைசியாக ஒரு குரல் பதிவு போட்டாள். “குணா, நீ முன்னேறுனதுல எனக்குச் சந்தோஷம். ஆனா நீ ஏறி வந்த படிய நீயே உதைக்கிற லா. மணியம் எந்த ஃபார்ம் ஃபைவ்? நான் எந்த ஃபார்ம் ஃபைவ்?” அன்று மத்தியானம் என் கைப்பேசியில் சின்னச் சாம்பல் எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அது ஆங்கிலத்தில்தான் பேசும். ‘குணா ரிமூவ்ட் லூர்து மேரி.’

நான் அதைப் படித்தேன். இருபது பேர் படித்திருப்பார்கள். அதற்கடுத்து யாரோ காலை வணக்கப் பூப்படம் ஒன்றைப் போட்டார்கள், அதற்கு எட்டுப் பேர் வணக்கம் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து வெட்கத்தோடு கிள்ளானுக்குப் போய் அவளைப் பார்த்தேன். கதவைத் திறந்ததுமே சிரித்தாள். “ரெண்டாவது தடவையும் ரிமூவ்லயே போட்டுட்டானுங்க லா என்னை,” என்றாள். தேநீர் கொடுத்தாள். பதாகையைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, “விடு சரோ. பயந்துட்ட. பயம் போனதும் வா, பேசலாம்,” என்றாள். நான் அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். பிறகு தீபாவளி வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, மகளின் பிரசவம் வந்தது. லூர்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அவளைக் குழுவிலிருந்து தள்ளியவர்கள்தான் அவளுக்கு மெழுகுவத்தி வைத்துப் படம் போட்டார்கள். தள்ளினது போதாதென்று, செத்த பிறகு அவளைத் திருத்தவும் செய்தார்கள். அவள் படிக்காத வகுப்பில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அதற்கு மரியாதை என்று பெயராம்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் குணா எழுந்து பேசினார். “எங்கள் ஐந்தாம் படிவத் தோழிக்கு நண்பர்கள் சார்பில் கல்லறைக் கல் நான் வைக்கிறேன்,” என்று அறிவித்தார். கல்லில் பொறிக்கும் வாசகத்தையும் படித்துக் காட்டினார். அதிலும் ஐந்தாம் படிவம் இருந்தது. சிலர் கைதட்டக்கூடப் போனார்கள். லூர்துவின் மகள் ஸ்டெல்லா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். “ஆன்டி, அம்மா ஃபார்ம் த்ரீதான். அத அவங்க மறைச்சதே இல்ல. அம்மா கல்லுல பொய் வேணாம் ஆன்டி. நான் சொன்னா டத்தோவ அவமானப்படுத்துற மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க,” என்றாள்.

நேராகக் குணாவிடம் போனேன். “குணா, அவ ஃபார்ம் ஃபைவ் படிக்கல. உனக்கு நல்லாத் தெரியும்.”

“இதெல்லாம் நல்லதுக்குத்தான் லா சரோ. நாலு பேரு பாக்குற கல்லு. ரிமூவ்னு போட்டா யாருக்குப் புரியும்?”

“புரியாதவங்க கேப்பாங்க. கேட்டா சொல்லுவோம்.”

குணா குரலைத் தாழ்த்தினார். “நீ சொல்லுவியா? ஒன் வீட்டுக்காரர் அதோ உக்காந்திருக்காரு. அந்த டைபாய்டு கதை இன்னும் ஓடுதுதானே?”

நான் திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி என் கணவர் காகிதக் குவளையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதை இதுதான். என்னைப் பெண் பார்க்க வந்தது பிரிக்பீல்ட்ஸில் ஆங்கிலம் பேசும் குடும்பம். தமிழ்ப்பள்ளிப் பக்கமே போகாதவர்கள். மாமியார் என் சான்றிதழை வாங்கிப் பார்த்து, வயதைக் கணக்குப் போட்டு, “ஒரு வருஷம் கூட இருக்கே, ஃபெயிலா?” என்று கேட்டார். சம்பந்தம் கைநழுவிவிடும் என்று பயந்து என் அப்பா, “இல்லீங்க, பிள்ளைக்கு டைபாய்டு. ஒரு வருஷம் படுத்துட்டா,” என்று சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். கல்யாணப் பந்தியில் மாமியார் இதை நாலு பேரிடம் சொல்லி அனுதாபப்பட்டபோது குணா அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். முப்பத்தைந்து வருஷமாக என் கணவர், “டைபாய்டு வந்த உடம்பு,” என்று சொல்லி என்னைத் தள்ளுவண்டியில் ஒரு ரோஜாக் சாப்பிட விட்டதில்லை. படகுப் பயணத்தைக்கூடப் பழைய பள்ளித் தோழர்கள் என்று பொதுவாகச் சொல்லித்தான் போய்வந்தேன். குணாமேல் எனக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கூடாரத்தில் அவரும் நானும் ஒரே காரியத்தைச் செய்தவர்களாக நின்றோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் செய்தித்தாளை விரித்தபோது சொன்னேன். “எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை.”

செய்தித்தாள் இறங்கியது. “அப்புறம் அந்த ஒரு வருஷம்?”

“ரிமூவ் கிளாஸ்ல இருந்தேன். தமிழ் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மலாய் சொல்லிக்குடுக்கிற கிளாஸ். லூர்து என் பக்கத்துல.” சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கழிப்பறை பக்கத்து வகுப்பு, எங்களை ஏற விடாத படகு, நான் மடித்த துணி, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். “படிச்சதுக்கா வியாதின்னு பேர் வெச்சீங்க?” என்றார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவரே எழுந்து போய் ரோஜாக் வாங்கி வந்தார்.

லூர்துவின் நினைவாக நான் வைத்திருப்பது அந்த ஒரு வருஷத்தை. வியாதி என்று சொல்லி முப்பத்தைந்து வருஷம் நான் படுக்கப் போட்டிருந்த வருஷம் அது. அவள் அதைத் தன் வாழ்க்கையின் நல்ல வருஷமாக வைத்துக்கொண்டு, அதில் இருந்தவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தாள். என் பயம் போனதும் வரச் சொன்னாள். பிந்திவிட்டேன்.

குணா, நீயும் இதைப் படிப்பாய். என் வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல். கல்லில் இன்னும் எழுத்து வெட்டவில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். வா, இப்போது கல்லைப் பற்றிப் பேசுவோம்.